மாற்றிய சில்லும் மாறாத வண்டியும்: ஓர் அறவியல் நோக்கு

பொருள்களுட் சில, புழக்கத்தில் இருந்த காலத்திற் பெறாத மதிப்பைப் புழக்கத்தினின்று நீங்கிய பின்னரே பெறுகின்றன. ஆட்டுக்கல்லும் அரிக்கன் விளக்கும் இவ்வகையின. பழைய அமெரிக்க மோட்டார் வண்டியும் இவ்வகையினதே. 1950களில் அது செல்வத்தின் ஆரவாரம், பின்னர் எண்ணெய் குடிக்கும் வீண்சுமை, இன்றோ அரும்பொருள். அதனை வைத்திருப்பவர் எதிர்கொள்ளும் வினாக்களுள் ஒன்று, அதற்கு எத்தகைய சில்லுப் பூட்டுவது என்பது. செய்த நிறுவனத்தின் பழைய உருக்குச் சில்லையே பேணுவதா, அன்றிப் பிறர் வார்த்து விற்கும் அலோய்ச் சில்லை வாங்கிப் பூட்டுவதா? கேட்டவுடன், இது கடைக்காரரிடம் கேட்கவேண்டிய வினா, மெய்யியலார்க்கு இதில் வேலையில்லை என்றே தோன்றும். ஆயின், ஒரு பொருள் எவ்வளவு மாறிய பின்னும் அதே பொருளாக இருக்கும் என்பதும், பழைமைக்கு மனிதன் பட்ட கடன் யாது என்பதும், தன் உடைமையைத் தான் விரும்பியவாறு மாற்றும் உரிமை எதுவரை செல்லும் என்பதும் ஆகிய மூன்று வினாக்கள் அச்சிறு வினாவினுள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றுள் முதலாவது, மோட்டார் வண்டியிலும் ஈராயிரம் ஆண்டு மூத்தது.

வினாவைக் காற்றில் நிறுத்தாது நிலத்தில் நிறுத்தினால் தெளிவு பிறக்கும். புத்தளத்துக் கரையோரத் தில்லையடியில் ஒருவரிடம் 1957ஆம் ஆண்டுச் செவர்லே பெல் எயர் ஒன்று உளது எனக் கொள்க. (தில்லையடி என்றதும், தென்னாபிரிக்கச் சத்தியாக்கிரகத்திற் சிறைசென்று 1914இல் உயிர்நீத்த வள்ளியம்மையின் பெயரே பலர்க்கு நினைவு வரும். அது தரங்கம்பாடியை அடுத்த தில்லையடி, இது வேறு. தில்லை உவர்நிலத்து மரம்; அது வளரும் கரைகள் இரு நாட்டிலும் உள.) வண்டி கற்பனையே ஆயினும், அவ்வூரின் காற்று கற்பனையன்று. களப்பும் உப்பளங்களும் அருகிலுள்ள நிலம் அது. அங்கு இரும்பாலான எப்பொருளும் தன் ஆயுளைச் சற்று விரைவாகவே கழிக்கின்றது.

பழைய உருக்குச் சில்லு ஒரே துண்டன்று. ரயர் அமரும் வளையம் ஒன்று, அச்சுக்குடத்தோடு பொருந்தும் நடுத்தட்டு ஒன்று, இரண்டும் ஒட்டப்பட்டவை. அவ்வொட்டின் இடுக்கில் உவர்நீர் புகுந்து தங்கும். மேற்பூச்சு அழகாகவே இருக்க, உள்ளே துரு தன் வேலையைச் செய்யும். குரோமியம் பூசிய சில்லாயின் பூச்சிற் புள்ளி விழுந்த நாளே அதன் முடிவின் தொடக்கம். மகனீசியச் சில்லோ இன்னும் மோசம். உப்பை அது தாங்கவே தாங்காது. அலுமினியக் கலவைச் சில்லு தன்மேல் தானே ஓர் ஒட்சைட்டுப் படலத்தைப் போர்த்துக்கொள்வதால் ஓரளவு நிலைக்கும். ஆயின் உருக்குக் குடத்தோடு அது தொடும் இடத்தில், இரு உலோகங்களும் உவர்நீரும் கூடி ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியமே அரிக்கப்படும். இரண்டுக்குமிடையே சிறிது கிறீஸ் பூசுபவர் இரசாயனம் கற்றவரல்லர் ஆயினும் இரசாயனத்தை அறிந்தவர். ஆகவே, கரையோரத்திற் சில்லுத் தெரிவு உடையவரின் சுவையை மட்டும் பொறுத்ததன்று. காற்றுக்கும் அதில் ஒரு வாக்கு உண்டு.

பழைமை பேணுவோர் பிறநிறுவனச் சில்லைக் கண்டதும் முகஞ்சுளிப்பர். அது அந்நியம், ஒட்டாதது, பெற்ற தாயின் முகத்தில் முகமூடி இட்டது போன்றது என்பர். இவ்வெறுப்பு எவ்வளவு ஆராய்ந்து கொண்டது என்பது ஐயமே. ஏனெனில், அந்நியச் சில்லுக்கும் இப்போது ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் டெட் ஹலிபிராண்ட் என்பவர் இண்டியனாபொலிஸ் ஓட்டப்பந்தய வண்டிகளுக்கு மகனீசியத்திற் சில்லு வார்த்தார். ‘மேக் வீல்’ என்று இன்றும் மக்கள் வழங்கும் பெயர் அவ்வுலோகத்தின் நினைவே. இன்று விற்கும் ‘மேக்’ பெரும்பாலும் அலுமினியம் என்பது வேறு கதை. 1956இற் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய அமெரிக்கன் ரேசிங் நிறுவனம் 1960களில் ரோர்க் திரஸ்ற் என்னும் ஐந்தாரைச் சில்லைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 1964இல் உருக்கு வளையமும் அலுமினிய நடுவும் கொண்ட கிறேகர் எஸ்/எஸ் வந்தது. 1968இல் வெளிவந்த புலிற் என்னும் திரைப்படத்தில் நடிகர் ஸ்ரீவ் மக்குவீன் செலுத்திய போர்ட் மஸ்டாங் வண்டி பூண்டிருந்ததும் அமெரிக்கன் ரேசிங் சில்லையே. போர்ட் நிறுவனத்தின் சில்லையன்று. அவ்வண்டி, புதுப்பிக்கப்படாத தன் பழுதுற்ற கோலத்திலேயே, 2020 ஜனவரியில் 34 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அந்த மஸ்டாங்கை நினைப்பவர் எவரும் அதனைத் தொழிற்சாலைச் சில்லோடு நினைப்பதில்லை. ஒரு காலத்தின் புறம்பு இன்னொரு காலத்தின் மூலமாகிவிட்டது.

இங்கேதான் ‘அசல்’ என்னும் சொல் தடுமாறத் தொடங்குகின்றது. எந்தக் கணத்தின் நிலை அசல்? தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் நிலையா? முதல் உடைமையாளன் தன் இளமை வேகத்தில் நான்கு புதிய சில்லு வாங்கிப் பூட்டி, ஊரெல்லாம் ஓடித் திரிந்த ஆண்டின் நிலையா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கட்டடங்களைப் பற்றி இதே வழக்கு எழுந்தது. பிரான்சின் வியொலே லெ டியூக், சிதைந்த கட்டடத்தை அது ஒருகாலும் இருந்திராத ஒரு முழுமைக்குக் கொண்டுவருதலும் புதுப்பித்தலே எனத் துணிந்தார். இங்கிலாந்தின் ரஸ்கினோ, 1849இல் வெளிவந்த தம் நூலிற் புதுப்பித்தலையே பொய்யெனக் கண்டித்தார். கல்லின்மேற் காலம் எழுதியதை அழிக்க எவர்க்கும் உரிமையில்லை என்பது அவர் கொள்கை. வண்டி மன்றங்களிற் பரிசு பெறும் பளபளப்பான வண்டிகளைக் காண்போர்க்கு, அவை தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலும் பார்க்க அழகாக இருப்பது தெரியும். அவற்றின் உடைமையாளர் ரஸ்கினைப் போற்பேசி, வியொலே லெ டியூக்கைப் போல் நடப்பவர்.

பாளி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹத்தில், கிரேக்க அரசன் மிலிந்தனை நாகசேனர் என்னும் தேரர் வினவும் பகுதி இவ்விடத்து நோக்கத்தக்கது. அரசன் தேரிலேறி வந்ததாகக் கூறுகின்றான். ஏர்க்காலா தேர்? அச்சா? சக்கரமா? தட்டா? என்று ஒன்றொன்றாகத் தேரர் வினவ, அன்று அன்று என்கின்றான் அரசன். இவையனைத்தும் சேர்ந்த கூட்டமா எனின், அதுவுமன்று. இவற்றை நீக்கிய வேறொன்றா எனின், அதுவுமன்று. இறுதியில், உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயரே தேர் என்று அரசன் தானே கூற நேர்கின்றது. சக்கரம் தேரன்று என்பது எல்லார்க்கும் எளிதில் உடன்பாடு. ஆயின் சக்கரத்தை மாற்றினால் தேர் வேறாகுமா என்பது நாகசேனரின் வினாவன்று. அவர்க்கு அழியாத் தேர் என்ற ஒன்று தொடக்கத்திலேயே இல்லை. அவ்வினாவை எழுப்பியவர் ஏதென்சு நகரத்தார். தீசியசின் கப்பலிற் பலகை ஒவ்வொன்றாய் உளுத்தபோது மாற்றிவந்தனர். அது அதே கப்பலா என்று அவர்தம் அறிஞர் வாதிட்டதைப் புளூற்றாக் குறித்துள்ளார். பின்னர் 1655இல் ஹொப்ஸ் இன்னும் ஒருபடி போனார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பலைக் கட்டினால், தீசியசின் கப்பல் எது?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்துக்காக இலங்கையில் அவ்வண்டியின் தகட்டுறுப்புகள் செய்யப்பட்டன. ஆங்கிலேயர் இங்கு விற்ற வண்டியின் உறுப்பை இலங்கைத் தொழிலாளர் செய்து அங்கு அனுப்ப, அங்கு அது ஆங்கில வண்டியாகவே ஓடிற்று. அதனை எவரும் இலங்கை வண்டி என்றாரல்லர்.

தமிழர் வாழ்விலும் இதற்குத் தெளிவான ஒரு சான்று உண்டு. திருவாரூர் ஆழித்தேர் 1926இல் தீப்பற்றி அழிந்தது. புதிதாகச் செய்த தேர் 1930இல் ஓடியது. 1948இல் ஓட்டம் நின்று, 1970இல் மீண்டும் தொடங்கியது. மரச் சக்கரமும் முட்டுக்கட்டையுமே நம்பியிருந்த அத்தேருக்குத் திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் நீரழுத்தத் தடையும் அமைத்தனர். ஆழி என்னும் சொல்லுக்கே சக்கரம் என்பது பொருள்களுள் ஒன்று, அவ்வாழியே மாற்றப்பட்டது. கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலை சக்கரம் பூட்டியதனால் அது ஆழித்தேர் அன்று என்று வடம் பிடிப்பவர் ஒருவரும் கூறியதில்லை. ஏன்? தேர் அவர்க்குக் காட்சிப்பொருளன்று, ஓடவேண்டிய பொருள். முன்னூறு தொன் எடையுள்ள ஒன்று மக்கள் கூட்டத்தினிடையே திரும்பும்போது, அது நிற்கவேண்டிய இடத்தில் நிற்பதே முதற் கடமை. மரத்தின் பழைமையைக் காக்க மனிதரின் காலைப் பலியிடுவதைப் பத்தி என்று எவரும் கொள்ளார்.

இச்சான்று வண்டிச் சில்லுக்கும் பொருந்துமாயினும், ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. ஆழித்தேரின் சக்கரத்தை மாற்றியவர் தேவை கருதி மாற்றினர். பெல் எயரின் சில்லை மாற்றுவோருட் பலர் அழகு கருதி மாற்றுகின்றனர். அழகு இழிந்த காரணமன்று. வண்டியை முதலிற் செய்தவர்களும் வால்சிறகும் குரோமியப் பட்டையும் வைத்தது அழகு கருதியே. ஆயின் அழகு கருதிச் செய்யும் மாற்றம், செய்யாமல் விட்டிருக்கக்கூடிய மாற்றம். ஆகையால் அதற்குச் சொல்லவேண்டிய நியாயம் சற்று அதிகம்.

அந்நியாயத்தை எங்கே தேடுவது? 2021இல் இந்திய அரசு பழம்பெரு வண்டிகளைப் பதிவு செய்வதற்கென விதி வகுத்தபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டதாய், மூல வடிவிற் பேணப்பட்டதாய், சசி எனப்படும் அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றிற் பெருமாற்றம் அடையாததாய் இருத்தல் வேண்டும் என்றது. சில்லைப் பற்றி அங்குத் தனிப்பேச்சில்லை. இது தற்செயலன்று எனலாம். சில்லு, வண்டியின் உறுப்புகளுள் மிக எளிதில் மீளக்கூடியது. ஐந்து நட், ஒரு ஜாக், பத்து நிமிடம். வெட்டிய தகடு மீண்டும் ஒட்டாது; கழற்றிய சில்லோ மீண்டும் ஏறும். ஆகவே பழைமை பேணும் அறத்தின் கண்ணிற் சில்லு மாற்றம் மிகச் சிறு குற்றம், அன்றேற் குற்றமே அன்று.

ஆனால் விந்தை யாதெனில், பழைமையின் கண்ணில் மிகச் சிறியதாகிய அதே மாற்றம், உயிரின் கண்ணில் மிகப் பெரியதாகி விடுகின்றது. கதவின் கைப்பிடி தவறானதாயிற் கதவு திறவாது; இருக்கைத் துணி தவறானதாயிற் கண்ணுக்கு உறுத்தும். சில்லுத் தவறானதாயின், எண்பது கிலோமீற்றர் வேகத்தில், சிலாபம் வீதியில், சைக்கிளிற் போகும் பள்ளிப் பிள்ளை அருகில் இருக்கும்போது, அது கழன்று போகும். சில்லைப் பற்றிய விவாதங்களில் மணிக்கணக்காக ‘அசல்’ பேசுவோர், இதற்கு ஒரு நிமிடமும் ஒதுக்காமை வியப்புக்குரியது.

எடுத்துக்காட்டு ஒன்று போதும். பெல் எயரின் சில்லில் ஐந்து போல்ற்றுத் துளைகள் நாலேமுக்கால் அங்குல விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன; அதாவது 120.65 மில்லிமீற்றர். செருமானிய பி.எம்.டபிள்யூ வண்டிகள் பலவற்றில் அவ்வட்டம் 120 மில்லிமீற்றர். கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைத்தெருவில் அத்தகைய பழைய அலோய்ச் சில்லு தேடினாற் கிடைக்கும். அமெரிக்காவிலிருந்து தருவிப்பதிலும் பார்க்க மலிவாகவே கிடைக்கும். அதனைப் பெல் எயரில் வைத்தால் ஏறும். நட்டும் இறுகும். பார்ப்பவர்க்குக் குறை தெரியாது. ஆனால் ஒவ்வொரு போல்ற்றும் தன் துளையின் நடுவிலிருந்து மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு விலகி நிற்கும். நட்டின் கூம்பு ஒருபுறம் மட்டுமே அழுத்தும். போல்ற் மெல்ல வளைந்தே இறுகும். ஒவ்வொரு சுற்றிலும் அவ்வளைவு ஒருமுறை இழுபட்டு ஒருமுறை தளரும். உலோகம் களைப்படையும். முறியும் நாள் எதுவென எவர்க்கும் தெரியாது.

முற்றாகப் பொருந்தாத சில்லு எவர்க்கும் தீங்கு செய்வதில்லை. அது ஏறவே மாட்டாது. எல்லாத் தீங்கும் ஏறத்தாழப் பொருந்துவதனாலேயே வருகின்றது. ‘சமாளிக்கலாம்’ என்பது இந்நாட்டுக் கராஜ்களில் அடிக்கடி கேட்கும் சொல். அச்சொல்லே எத்தனையோ குடும்பங்களின் சோற்றைக் காத்துள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் சமாளிப்பது தன் பணத்தையும் தன் வசதியையும் பற்றியதாய் இருக்கும்வரை அது திறமை. வீதியில் நிற்கும் மற்றவனின் உயிரைப் பற்றியதாகும்போது அது திறமையன்று. அவனிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. உடைமையுரிமை எதுவரை செல்லும் என்னும் மூன்றாவது வினாவுக்கு விடை, அந்த 0.65 மில்லிமீற்றரில் இருக்கின்றது.

1965ஐ ஒட்டிய வீ-8 மஸ்டாங் வண்டியின் நிலை இன்னும் ஏமாற்றுவது. அதன் வட்டம் நாலரை அங்குலம், 114.3 மில்லிமீற்றர், யப்பானிய வண்டிகள் பலவற்றிலும் அதே அளவு. ஆகவே துளைகள் மிகச் சரியாகப் பொருந்தும். பொருந்தாதது நடுத்துளை. மஸ்டாங்கின் குடம் ஏறத்தாழ 70 மில்லிமீற்றர் பருமன். ரொயோற்றாச் சில்லின் நடுத்துளை பெரும்பாலும் 60 மில்லிமீற்றர். கடைசற்பட்டறையிற் குடைந்து பெருக்கலாம், செய்பவரும் உளர். குடைவது பிழையா என்பது, குடைபவர் எவ்வளவு சதையை எடுக்கிறார், மிஞ்சும் உலோகம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பொது விதி எதுவும் இங்குக் கைகொடாது, அளவுகோலே கைகொடுக்கும்.

ரயரைப் பற்றியும் ஒரு சொல். 1957இன் சில்லுக்கு 14 அங்குல விட்டம்; ரயரோ 7.50-14 என்னும் அளவுடைய பழைய குறுக்கிழை ரயர். இன்று கிடைப்பவை பெரும்பாலும் ரேடியல். ரேடியல் ரயர் வீதியை இறுகப் பற்றும். அப்பற்றின் விசையெல்லாம் சில்லின் வளையத்துக்கே வந்து சேரும். அறுபது ஆண்டுத் துருவோடு இருக்கும் பழைய வளையம் அதனைத் தாங்குமெனக் கண்ணை மூடி நம்புவது பழைமைப் பற்றாகாது. 15 அங்குலச் சில்லுக்குப் போய் 215/70 ரயர் இட்டால், வெளிவிட்டம் ஏறத்தாழப் பழைய 27 அங்குலமாகவே நிற்கும். வேகமானியும் பொய் சொல்லாது. 18 அங்குலச் சில்லிட்டு, வளையல் போல் மெல்லிய ரப்பரைச் சுற்றும் வழக்கமும் உண்டு. புத்தளத்து உள்வீதிகளின் பள்ளங்கள் அவ்வழக்கத்தைப் பற்றிச் சொல்வதற்கு மேல் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

இதுவரை பேசியது தெரிவு செய்யக்கூடியவரைப் பற்றி. தெரிவே இல்லாதவரின் வண்டி எது? யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990இற் பொருளாதாரத் தடை இறுகியபோது, பெற்றோல் ஏறத்தாழ மறைந்தது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒக்ஸ்போர்ட், கேம்பிறிட்ஜ் என்னும் பழைய ஆங்கில வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். கிடைத்த சில்லு, கிடைத்த ரயர், கிடைத்த குழாய். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற அவ்வண்டிகளின் சாரதிகளிடம் அசல் எது எனக் கேட்டிருந்தால், கேட்டவரின் நலனையே அவர்கள் விசாரித்திருப்பர். கியூபாவிலும், 1960களில் அமெரிக்கத் தடை வந்தபின், அமெரிக்க வண்டிகள் சோவியத் உறுப்புகளாலும் டீசல் எஞ்சின்களாலும் உயிர்வாழ்ந்தன. இன்று ஹவானாவிற் சுற்றுலாப் பயணியர் படம்பிடிக்கும் அவ்வண்டிகளுள், மேலே செவர்லேயாயும் உள்ளே வேறாயும் இருப்பவை பல.

இப்போது ஒருவர் யாழ்ப்பாணத்து ஏ-40 ஒன்றை வாங்கி, 1952இற் பர்மிங்காமில் இருந்தவாறே ‘அசலாக்க’ முயல்கின்றார் என வைத்துக்கொண்டால், அவர் எதைக் காக்கின்றார், எதை அழிக்கின்றார்? மண்ணெண்ணெய்க் காலத்தின் ஒட்டுகளையும் உள்ளூர்ப் பட்டறையின் அடிகளையும் நீக்கினால், ஆங்கிலத் தொழிற்சாலையின் சில வாரங்கள் மீளும். அவ்வண்டி உண்மையில் வாழ்ந்த எழுபதாண்டு போய்விடும். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், நினைவுச் சின்னமொன்றில் எல்லாக் காலங்களும் சேர்த்த தகுந்த பங்களிப்புகள் மதிக்கப்படவேண்டும், ஒரேகாலப் பாணியின் ஒருமை புதுப்பித்தலின் நோக்கமன்று எனக் கூறுவது இதனாலேயே.

தில்லையடி என்னும் பெயரை இக்கட்டுரைக்குத் தெரிந்தமைக்கு உப்புக்காற்று மட்டும் காரணமன்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தில் ஒக்டோபர் 30ஆம் நாள் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். வீடு, கடை, நகை, வண்டி எல்லாம் விட்டு, கையிற் சொற்பப் பணத்தோடு வந்தவருட் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திற் கிடுகுக் கொட்டில்களிற் குடியேறினர். தில்லையடி அவ்வாறு பலர் தங்கிய ஊர்களுள் ஒன்று. கொட்டிற் காலம் கழிந்து கல்வீடு எழுந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே மணஞ்செய்த தலைமுறை வந்தது. 2009இற் போர் முடிந்தபின் சிலர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டனர். சிலர் இரண்டிடத்தும் கால்வைத்தனர். சிலர் இங்கேயே நின்றனர். இங்கு அவர் ‘அகதி’, ‘வடக்கார்’. அங்குப் போனால் ‘புத்தளத்தார்’. உங்கள் அசல் ஊர் எது என்னும் வினா, பதிவேட்டிலும் பள்ளிக்கூடத்திலும் வாக்காளர் இடாப்பிலும் முப்பது ஆண்டுக்கு மேலாக அவர்களைத் தொடர்ந்தது.

மனிதரை வண்டியோடு ஒப்பிடுவது தகாது. வண்டிக்கு நோவு இல்லை. ஆயின் வண்டிக்கென வகுத்த நியாயம் மனிதர்மேலும் ஏவப்படுவதால், அந்நியாயத்தை இங்கே சோதிப்பது தவறன்று. முதல் நிலையே மெய், பின்வந்ததெல்லாம் கறை என்னும் கொள்கையை ஏற்றால், தில்லையடியிற் பிறந்த பிள்ளையின் வாழ்வு முழுவதும் கறையாகும். இன்றைய நிலையே மெய், முன்னையதை மறந்துவிடு என்னும் கொள்கையை ஏற்றால், அப்பிள்ளையின் பாட்டனார் விட்டுவந்த வீடு எவர்க்கும் பொறுப்பில்லாத வீடாகும்; வெளியேற்றியவர்க்கு அது மிக வசதியான மெய்யியல். இரண்டும் ஒரு வாழ்வை ஒரு கணத்துக்குள் அடக்க முயல்கின்றன. தொடர்ச்சியை ஒப்புக்கொள்பவர்க்கு மட்டுமே, அங்கிருந்து வந்தவர் என்பதும் இவ்வூரவர் என்பதும் ஒருவரிடத்தே முரணின்றி நிற்கும்.

இத்தகைய ஊரில், நான்கு சில்லுக்காக ஒருவர் பெருந்தொகை செலவிடுவது முறையா என்றும் கேட்கலாம். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025இலேயே அத்தடை நீங்கியது. 2022இல் நாடு கடனடைக்க இயலாது நின்றபோது, எரிபொருள் வரிசையில் மக்கள் நாட்கணக்காகக் காத்திருந்தனர். பின்னர் வந்த கியூஆர் முறையில் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் என அளந்து கொடுக்கப்பட்டது. அப்போது பெல் எயரின் சில்லு எதுவாயினும் அது சுழன்றிராது. இவ்வினாவுக்கு முழுவிடை சில்லைப் பற்றிய ஆராய்ச்சிக்குள் இல்லை. அழகுக்காகச் செலவிடும் ஒவ்வொருவரையும் பக்கத்துவீட்டு வறுமையைக் காட்டி மடக்குவது எளிது. பட்டுச்சேலை தொடக்கம் பல்கலைக்கழக விழா மேடைவரை எதுவும் அவ்வாதத்தில் மிஞ்சாது. ஆயினும், பிறர்க்குக் காட்டுவதற்காக வாங்கும் சில்லுக்கும், வண்டி ஓடுவதற்காக வாங்கும் சில்லுக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவர் தம்மளவில் அறிவார்.

எஞ்சியிருப்பது வாய்மை. வெனிஸ் சாசனத்தின் இன்னொரு விதி, இழந்த பகுதிக்கு ஈடாக வைக்கப்படுவது முழுமையோடு இசைந்தும், அதே வேளை மூலத்தினின்று பிரித்தறியக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்பது. இவ்விதியின்படி நோக்கினால், பழைய சில்லின் பிரதியை வாங்கி, அதிற் பழைய ஆண்டு முத்திரையையும் பொறித்துப் பூட்டுவதே உண்மையிற் கண்டிக்கத்தக்கது. மலிவான ஐந்தாரை அலோய்ச் சில்லு எவரையும் ஏமாற்றுவதில்லை. அது தன்னை 1957இன் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதில்லை. போலி முத்திரையோ, விற்கும் நாளில் விலையாகப் பேசும். பழைமை பேணுவோர் முன்னதைக் கண்டு முகஞ்சுளித்து, பின்னதைக் கண்டு தலையசைப்பது நேர்மாறான நீதி.

இவற்றையெல்லாம் கொண்டு நோக்கின், தில்லையடி உடைமையாளர்க்கு வழி அவ்வளவு கடினமன்று. 15 அங்குல விட்டமும் நாலேமுக்கால் அங்குல வட்டமும் உடைய வார்ப்பு அலுமினியச் சில்லு, 120 அன்று 120.65 என்பதை அளந்து பார்த்து. பழைய வெளிவிட்டத்துக்கு அண்மையான ரயர். குடமும் சில்லும் தொடும் இடத்திற் சிறிது கிறீஸ். முதல் நூறு கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்குதல். கழற்றிய நான்கு உருக்குச் சில்லுகளையும் இரும்புக் கடைக்கு நிறுத்து விற்காமல், துருவைத் தேய்த்து, எண்ணெய் பூசி, சாக்கிற் சுற்றி, நிலத்திற் படாதவாறு பின்னறைப் பலகைமேல் அடுக்கிவைத்தல் வேண்டும். எந்நாளிற் கழற்றியது, வண்டி அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சாக்கினுள் வைத்தால், பின்னொரு நாள் அவற்றை எடுப்பவர் எவராயினும் அவர்க்கு அது உதவும்.